பசி எப்போதும் இருந்ததே, 1789-இல் மட்டும் ஏன் வெடித்தது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை அரசியல், சமூகம், பொருளாதாரம், சிந்தனையாளர்கள் என்று தலைப்புப் போட்டு நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "ஏழைங்க பசியில இருந்ததால புரட்சி வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி இருநூறு வருஷமும் பசிதானே மிஸ்? அப்ப ஏன் வரல? ரஷ்யால இதைவிட மோசம்னு நீங்களே சொன்னீங்க, அங்க ஏன் வரல?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்கும் நிறைவாக இல்லை, எனக்கும் இல்லை. இன்னொன்று: ராணி "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்று சொன்னதாக வரும் கதையை வகுப்பில் சொல்லலாமா? (ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்)

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

உங்கள் மாணவியை என் சார்பில் பாராட்டுங்கள். கல்லூரியில் வரலாறு நடத்திய காலம் முழுக்க இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். தலைப்பு வாரியாகக் காரணங்களை அடுக்கும்போது காலம் காணாமல் போய்விடுகிறது. நிலவரி நூற்றாண்டுகளாக இருந்தது, பசி அடிக்கடி வந்து போனது, கஜானா காலியானது 1788-இல். மூன்றையும் ஒரே பட்டியலில் எழுதிப் போட்டால், "அப்புறம் ஏன் அன்றைக்கு?" என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள்.

நான் வகுப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். 1789-ஐ ரஷ்யாவோடு ஒப்பிடுவதற்கு முன்னால், பிரான்சின் 1775-ஓடு ஒப்பிடச் சொல்வேன்.

பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்தது 1774-இல். அவருடைய நிதியமைச்சர் டர்கோ, தானிய வியாபாரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார். அந்த ஆண்டு விளைச்சல் மோசம். 1775 வசந்தத்தில் மாவு விலையும் ரொட்டி விலையும் எகிறின. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பாரிஸைச் சுற்றியுள்ள பகுதிகளில் முந்நூறு இடங்களுக்கு மேல் கலவரம். சந்தையில் கூட்டம் தானிய மூட்டைகளைப் பிடித்துவைத்து, "நியாய விலை" என்று தாங்களே ஒரு விலையைச் சொல்லி விற்க வைத்தது. வெர்சாய் அரண்மனை இருந்த ஊரிலேயே கலகம் நடந்தது. பாரிஸில் ரொட்டிக் கடைகள் சூறையாடப்பட்டன. மாவுப் போர் என்று இதற்குப் பெயர். அரசு சுமார் 25,000 சிப்பாய்களை இறக்கியது. சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. பாரிஸ் சதுக்கத்தில் இருவரைத் தூக்கிலிட்டார்கள்.

அதே ராஜா, அதே ஜனம், அதே ரொட்டி. 1775-இல் சில வாரத்தில் அடங்கியது 1789-இல் ஏன் அடங்கவில்லை? நடுவில் இருந்த பதினான்கு ஆண்டுகளில் என்ன மாறியது என்று பார்த்தால் உங்கள் மாணவிக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் மாறாமல் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அடித்தளம். இதைக் குழந்தைகளுக்கு ஒரு முகத்தோடு சொல்ல வேண்டும். ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் பிரான்சின் விவசாயத்தைப் பார்ப்பதற்காக ஊர் ஊராகச் சுற்றியவர். 1789 ஜூலை 12-ஆம் தேதி, பாரிஸில் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, கிழக்குப் பிரான்சில் ஒரு நீண்ட மேட்டில் தன் குதிரைக்குச் சிரமம் வேண்டாமென்று இறங்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு ஏழைப் பெண் சேர்ந்துகொண்டு தன் கஷ்டத்தைச் சொன்னாள். கணவனுக்குத் துண்டு நிலம், ஒரு பசு, ஒரு நோஞ்சான் குதிரை. ஏழு பிள்ளைகள். ஒரு பிரபுவுக்கு வருஷத்துக்கு 42 பவுண்டு கோதுமையும் மூன்று கோழிகளும் கொடுக்க வேண்டும். இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸ் நான்கு அளவு, ஒரு கோழி, ஒரு சூ காசு. அதற்கு மேல் ராஜாவின் வரிகள். தூரத்திலிருந்து பார்த்தால் அறுபது எழுபது வயது இருக்கும் என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு கூனிப்போயிருந்தாள், முகம் அவ்வளவு சுருங்கியிருந்தது என்று எழுதுகிறார் யங். அவளுக்கு வயது 28.

இந்த ஒரு குடும்பத்தின் கணக்கில் பழைய ஆட்சி முழுவதும் தெரிகிறது. கோழியும் கோதுமையும் பிரபுவுக்கு. டெய்லே என்ற நேரடி வரி ராஜாவுக்கு. விளைச்சலில் ஒரு பங்கு தசம வரியாகத் திருச்சபைக்கு. பல ஊர்களில் பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அதற்கும் கூலி. பிரபுவின் புறாக்கள் வந்து விதையைப் பொறுக்கினாலும் விரட்டக் கூடாது, வேட்டை விலங்குகள் பயிரை மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது. உப்புக்குக் கபெல் என்ற வரி. பல மாகாணங்களில் தேவை இருக்கிறதோ இல்லையோ ஒரு குடும்பம் இத்தனை உப்பு வாங்கியே ஆக வேண்டும் என்று விதித்திருந்தார்கள். பக்கத்து பிரிட்டனி மாகாணத்தில் அந்த வரி கிடையாது, அங்கே உப்பு பல மடங்கு மலிவு. அதனால் மாகாண எல்லையில் உப்புக் கடத்தல் ஒரு தொழிலாகவே நடந்தது. பிடிபட்டால் துடுப்புக் கப்பல் தண்டனை வரை போகும்.

ரஷ்யாவைப் பற்றிய கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது. ரஷ்யக் குடியானவன் பண்ணையடிமை. பிரெஞ்சுக் குடியானவர்களில் பெரும்பாலானவர்கள் சட்டப்படி சுதந்திரமானவர்கள். நாட்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் கையில்தான் இருந்தது. "இது என் நிலம், நான் ஏன் யாரோ ஒருவருக்குக் கோழி கொடுக்கணும்?" என்ற கேள்வி சொந்த நிலம் இருப்பவனுக்கே வரும். அந்தப் பிரபு முன்பு ஊரைக் காவல் காத்தார், நீதி சொன்னார். இப்போது அந்த வேலைகளை எல்லாம் ராஜாவின் அதிகாரிகள் செய்கிறார்கள். பிரபுவிடம் மிஞ்சியது வசூல் மட்டும்.

அந்த வசூலும் புரட்சிக்கு முந்தைய பத்து இருபது ஆண்டுகளில் பல இடங்களில் இறுகியது. விலைவாசி ஏறியதும் பிரபுக்கள் பழைய ஆவணங்களைத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள். பாட்டன் காலத்தில் வசூலிக்காமல் விட்டுப்போன பாக்கியைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கென்றே பத்திர நிபுணர்கள் இருந்தார்கள். பின்னாளில் சமத்துவவாதியாகப் பேர் பெற்ற பபேஃப், இளமையில் பிக்கார்டியில் இந்த வேலைதான் பார்த்தார். பிரபுக்களின் உரிமைகள் எப்படி உருவாயின என்பதை அவர்களுடைய காகிதங்களிலேயே படித்தவர். 1789 ஜூலை கடைசியில் கிராமங்கள் கிளம்பியபோது கூட்டம் நேரே போய்க் கேட்டது இந்தக் காகிதங்களைத்தான். கொடுத்தால் முற்றத்தில் போட்டு எரித்தார்கள், கொடுக்காவிட்டால் சில இடங்களில் மாளிகையே எரிந்தது. படிப்பறிவில்லாத குடியானவனுக்கும் எந்தத் தாளை எரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பிரபுக்களும் குருமார்களும் வரியே கட்டவில்லை என்று பல கையேடுகளில் இருக்கும். அது முழு உண்மை இல்லை. டெய்லேயிலிருந்து பிரபுக்களுக்கு விலக்கு. ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த தலைவரியும் 18-ஆம் நூற்றாண்டில் வந்த இருபதில் ஒரு பங்கு வரியும் அவர்களுக்கும் உண்டு, செல்வாக்கால் குறைத்துக் கட்டினார்கள். திருச்சபை தானாக முன்வந்து கொடுக்கும் காணிக்கை என்ற பெயரில் ஒரு தொகை கொடுத்தது. சலுகை பெற்ற நகரங்களின் வியாபாரிகளுக்கும் விலக்கு இருந்தது. எல்லோரும் தங்களால் முடிந்த இடத்தில் சலுகை வாங்கிவைத்திருந்தார்கள், கடைசியில் சுமை முழுக்கக் கிராமத்தின் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் புரியும், சரியாகவும் இருக்கும்.

சரி, இதெல்லாம் 1775-இலும் இருந்தது. இப்போது மாறியதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால் புரட்சியின் சாவி இங்கேதான் இருக்கிறது: பணம்.

பிரான்ஸ் 1778-இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆதரவாகப் பிரிட்டனுடன் போரில் இறங்கியது. அதற்கு முந்தைய ஏழாண்டுப் போரில் பிரிட்டனிடம் பட்ட அடிக்குப் பழிவாங்கும் ஆசை. அந்தப் பழைய போரில் 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்து, அதற்காகத் தளபதி லாலியைப் பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றிருந்தார்கள். அமெரிக்கப் போர் அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை என்பதை உங்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1782-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், நாகப்பட்டினத்துக்கு அப்பால், திருகோணமலையில், 1783-இல் கடலூருக்கு எதிரே என்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்கள் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதின. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்? பிரெஞ்சு முடியாட்சியைத் திவாலாக்கிய போரின் ஒரு துண்டு உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய கடலில் நடந்தது.

அந்தப் போருக்கு நூறு கோடி லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல் செலவு. நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் புது வரி போடவில்லை, கடன் வாங்கினார். எப்படிப்பட்ட கடன் என்று பாருங்கள். ஆயுள் வருடாந்திரம் என்று ஒரு திட்டம். நீங்கள் அரசுக்கு ஒரு தொகை கொடுத்து ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த நபர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் 8 முதல் 10 சதவீதம் வரும். எழுபது வயதுக் கிழவர் பெயரைச் சொன்னாலும் ஐந்து வயதுக் குழந்தை பெயரைச் சொன்னாலும் ஒரே வீதம். ஜெனீவா வங்கிக்காரர்களுக்கு இந்த ஓட்டை உடனே தெரிந்துவிட்டது. நல்ல குடும்பத்துச் சிறுமிகளை, அம்மை கண்டு தேறிய ஆரோக்கியமான பிள்ளைகளாக, மருத்துவரை வைத்துத் தேர்ந்தெடுத்து அவர்கள் பெயரில் முதலீட்டைக் கொட்டினார்கள். அந்தச் சிறுமிகள் ஐம்பது அறுபது ஆண்டு வாழ்வார்கள், பிரெஞ்சு அரசு அத்தனை ஆண்டும் கட்ட வேண்டும்.

பிரிட்டனுக்கும் கடன் மலைபோல இருந்தது. ஆனால் அங்கே கடனுக்கு நாடாளுமன்றம் பொறுப்பேற்றது, கணக்கு வெளியே தெரிந்தது, நம்பி குறைந்த வட்டிக்குக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராஜாவின் கடன் ராஜாவின் சொல்லை நம்பிக் கொடுத்த கடன். முன்பிருந்த ராஜாக்கள் பலமுறை கைவிரித்திருந்ததால் வட்டி கூடுதல். 1781-இல் நெக்கர் முதன்முறையாக அரசுக் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார், அமோகமாக விற்றது. அதில் பத்து மில்லியன் லிவ்ர் உபரி என்று காட்டியிருந்தார். போர்ச் செலவைச் சேர்க்காத கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் "கஜானா காலி" என்றபோது, "நெக்கர் இருந்தவரை மிச்சம் இருந்ததே, நீங்கள்தான் தின்றுவிட்டீர்கள்" என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

1788-இன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். வரவு 503 மில்லியன் லிவ்ர். செலவு 629 மில்லியன். அந்தச் செலவில் கடனுக்கும் வட்டிக்கும் மட்டும் 318 மில்லியன், பாதிக்கு மேல். ராணுவம், கடற்படை, வெளியுறவு சேர்ந்து நான்கில் ஒரு பங்கு. அரண்மனைச் செலவு சுமார் 6 சதவீதம். ராணியின் ஆடைகளும் விருந்துகளும்தான் நாட்டை அழித்தன என்று நம்பும் பிள்ளைகளை, அரண்மனைச் செலவு முழுவதையும் அழித்துவிட்டுக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பற்றாக்குறை அப்போதும் தீராது. வட்டி கட்டுவதற்கே கடன் வாங்கிய அரசு அது.

அப்படியானால் வசதி உள்ளவர்களிடம் வரி வாங்க வேண்டியதுதானே? முயன்றார்கள். நிதியமைச்சர் கலோன் 1786-இல் ராஜாவிடம் உண்மையைச் சொல்லி, விலக்கே இல்லாமல் எல்லா நிலத்துக்கும் ஒரே வரி என்று திட்டம் கொடுத்தார். 1787 பிப்ரவரியில் 144 பிரமுகர்களை வெர்சாய்க்கு அழைத்து ஒப்புதல் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள். சுயநலம் ஒரு காரணம். கணக்கைக் காட்டாமல், கண்காணிப்புக்கு இடம் தராமல் நிரந்தர வரி கேட்கும் ராஜாவை நம்ப முடியாது என்ற நியாயமும் அதில் இருந்தது. ஏப்ரலில் கலோன் பதவி போயிற்று. அடுத்து வந்த பிரியென் பார்லமாங் எனப்படும் உயர் நீதிமன்றங்களிடம் போனார். ராஜாவின் ஆணைகளைப் பதிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். முந்தைய ராஜா 1771-இல் அவர்களை ஒடுக்கியிருந்தார், பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்ததும் நல்ல பேர் எடுப்பதற்காகத் திரும்பக் கூட்டிவந்திருந்தார். அந்த நீதிபதிகள் இப்போது, "புது வரிக்கு ஒப்புக்கொள்ளும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டுங்கள்" என்றார்கள். குருமார், பிரபுக்கள், மற்ற ஜனங்கள் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் சபை அது. கடைசியாகக் கூடியது 1614-இல்.

முதல் கல்லை எறிந்தவர்கள் யார் என்பதை இங்கே கவனிக்கச் சொல்லுங்கள். ராஜாவை முதலில் மண்டியிட வைத்தது ஏழைகள் அல்ல, சலுகை பெற்றவர்கள். 1788 மே மாதம் பார்லமாங்குகளின் அதிகாரத்தைப் பறித்தபோது, ஜூன் 7-ஆம் தேதி கிரெனோபிள் நகரில் ஜனங்கள் நீதிபதிகளுக்கு ஆதரவாகக் கூரை ஏறி, சிப்பாய்கள் தலையில் ஓடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கீழே நின்ற அதிகாரிகளில் சிலருக்கு அந்தப் போராட்டத்தின் மேல் அனுதாபமும் இருந்தது. 1775-இல் கலகத்தை அடக்க மேல்தட்டு பெரும்பாலும் ராஜா பக்கம் நின்றது. 1788-இல் அந்த ஒற்றுமை போய்விட்டது.

ஆகஸ்ட் 1788-இன் ஒரு வாரத்தைச் சொன்னால் நிலைமை விளங்கும். 8-ஆம் தேதி, எஸ்டேட்ஸ் ஜெனரல் அடுத்த மே மாதம் கூடும் என்று அறிவிப்பு. 10-ஆம் தேதி, திப்பு சுல்தானின் தூதர்களுக்கு வெர்சாயில் கோலாகல வரவேற்பு. முந்தைய ஆண்டு புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறி, ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி கேட்டு வந்தவர்கள். பிரபுக்களும் சீமாட்டிகளும் பார்க்கக் கூட்டம் கூடினார்கள். ராஜா மரியாதையாகப் பேசி அனுப்பினார், படை தரவில்லை. 16-ஆம் தேதி, அரசு தன் கடன்காரர்களுக்கு முழுப் பணம் தர முடியாது, ஒரு பகுதிக்குக் காகிதச் சீட்டுத்தான் என்று அறிவித்தது. அதாவது திவால். தூதர்கள் கேட்ட உதவி எந்தக் கஜானாவிலிருந்து வரும்?

இவ்வளவும் நடக்கும்போதுதான் வயல்கள் பொய்த்தன. 1788 ஜூலை 13-ஆம் தேதி பெரிய ஆலங்கட்டி மழை, அறுவடைக்கு நின்ற பயிரை வடக்குப் பிரான்சில் பெரும் பரப்பில் அடித்து நாசமாக்கியது. அதைத் தொடர்ந்து கொடும் குளிர்காலம். ஆறுகள் உறைந்தன, தண்ணீரால் ஓடும் ஆலைகள் நின்றன, இருந்த கோதுமையையும் அரைக்க முடியவில்லை. பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி எட்டு ஒன்பது சூவுக்கு விற்றது, 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ ஆனது. கட்டட வேலைக்காரரின் நாள்கூலி இருபதிலிருந்து முப்பது சூ. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு இரண்டு ரொட்டி வேண்டும். இந்தக் கணக்கையும் பிள்ளைகளே போடட்டும். கூலி முழுவதும் ரொட்டிக்கே போனால், வாடகைக்கும் விறகுக்கும் துணிக்கும் எங்கே போவது? துணி வாங்க ஆள் இல்லை என்றதும் நெசவாளிக்கு வேலை போகிறது. 1786-இல் பிரிட்டனோடு செய்த வணிக ஒப்பந்தத்தால் மலிவான ஆங்கிலத் துணி வேறு வந்து, வடக்கே துணி நகரங்கள் ஏற்கெனவே அடிபட்டிருந்தன. விலையேற்றமும் வேலையின்மையும் ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் நுழைந்தன.

ஆனாலும் இதுவரை உள்ளது 1775 மாதிரி ஒரு பெரிய கலவரத்துக்குத்தான் போதும். அதைப் புரட்சியாக்கிய விஷயம் ஒன்று உண்டு, நம் பாடங்களில் அது ஒரு வரியில் போய்விடுகிறது. எஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதி அனுப்பும்படி ராஜாவே கேட்டார். 1789 வசந்தத்தில், பசி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், பல்லாயிரம் கிராமங்களிலும் கைவினைஞர் சங்கங்களிலும் ஆண்கள் கூடி உட்கார்ந்து, தங்களை எது வருத்துகிறது என்று பேசி, எழுதவைத்து, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். உப்பு வரி, பிரபுவின் புறா, ஆலைக் கட்டாயம், வரி வசூலில் ஓரவஞ்சனை. தலைமுறை தலைமுறையாக விதி என்று சுமந்ததை முதன்முறையாகக் காகிதத்தில் வைத்துப் பார்த்தார்கள். ராஜா கேட்டிருக்கிறார் என்றால் ராஜா தீர்த்துவைப்பார் என்றும் நம்பினார்கள். சில ஊர்களில் எழுதிக் கொடுத்த கையோடு வரி கட்டுவதையே நிறுத்தினார்கள். ஆர்தர் யங்கிடம் பேசிய அந்தப் பெண்ணும், பெரிய மனிதர்கள் யாரோ ஏழைகளுக்காக ஏதோ செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள், யார், எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த எதிர்பார்ப்பு மோதிய இடம் ஓட்டுக் கணக்கு. 1788 செப்டம்பரில் பாரிஸ் பார்லமாங், கூட்டம் 1614-இல் நடந்தபடியே நடக்க வேண்டும் என்றது. அப்படியென்றால் குருமார்களுக்கு ஓர் ஓட்டு, பிரபுக்களுக்கு ஓர் ஓட்டு, மூன்றாம் எஸ்டேட் எனப்பட்ட நாட்டின் மற்ற எல்லோருக்கும் ஓர் ஓட்டு. எப்போதும் இரண்டுக்கு ஒன்று. முந்தைய வாரம் வரை நீதிபதிகளைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய ஜனங்கள் ஒரே நாளில் வெறுத்தார்கள். மூன்றாம் எஸ்டேட்டுக்கு இரட்டிப்புப் பிரதிநிதிகள் என்று டிசம்பரில் ராஜா ஒப்புக்கொண்டார், தலைக்கு ஓர் ஓட்டா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். 1789 மே 5-ஆம் தேதி கூடிய சபை ஆறு வாரம் இந்த ஒரே கேள்வியில் நின்றது. ஜூன் 17-ஆம் தேதி மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது. வரிப் பிரச்சினையில் தொடங்கியது, நாடு யாருடையது என்ற இடத்துக்கு வந்து நின்றது.

ஜூலையில் நடந்ததை நீங்கள் நன்றாகவே நடத்தியிருப்பீர்கள். ஒன்றிரண்டு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்டிலுக்கு முன்பே, ஜூலை 12-ஆம் தேதி இரவிலிருந்து பாரிஸ் ஜனங்கள் நகரைச் சுற்றியிருந்த சுங்கச் சாவடிகளை எரித்தார்கள். வரிக் குத்தகைக்காரர்கள் 1780-களில் கட்டிய மதில் அது, நகருக்குள் வரும் பொருள்களுக்கு வரி பிடிப்பதற்காகவே எழுப்பியது. பாஸ்டிலுக்குப் போனது வெடிமருந்துக்காக, உள்ளே இருந்தவர்கள் ஏழே கைதிகள். அப்புறம் முக்கியமான விஷயம்: பாரிஸில் இருந்த பிரெஞ்சுக் காவல்படைச் சிப்பாய்கள் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள், பீரங்கியை இழுத்துவந்ததும் அவர்கள்தான். அவர்களும் அதே ரொட்டியை அதே விலைக்கு வாங்கியவர்கள். மேலே போகவும் வழி இல்லை. 1781-இல் வந்த ஆணைப்படி ராணுவ அதிகாரியாக வேண்டுமானால் நான்கு தலைமுறைப் பிரபு வம்சம் காட்ட வேண்டும். 1775-இல் சுடச் சொன்னால் சுடுவதற்கு ஆள் இருந்தது. 1789-இல் சிப்பாய்களை நம்பிச் சுடச் சொல்ல ராஜாவின் தளபதிகளுக்கே தைரியம் இல்லை.

ரஷ்யாவுக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். அங்கே கலகம் வராமல் இல்லை. 1773 முதல் 1775 வரை புகச்சேவ் தலைமையில் கோசாக் என்ற எல்லைப்புறக் குதிரைவீரர்களும் பண்ணையடிமைகளும் நடத்திய கிளர்ச்சி பிரான்சின் மாவுப் போரைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் மகாராணி கேத்தரினும் பிரபுக்களும் ஒரே அணியில் நின்றார்கள், படை சொன்னபடி கேட்டது, அடக்கிவிட்டார்கள். பசி ஜனங்களைத் தெருவுக்குக் கொண்டுவரும். தெருவுக்கு வந்தவர்களை எதிர்த்து நிற்க வேண்டிய அரசு உள்ளே உடைந்திருந்தால்தான் அது புரட்சியாகும். உங்கள் மாணவியிடம் இப்படியே சொல்லுங்கள்.

சிந்தனையாளர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்டேரும் ரூசோவும் 1778-லேயே இறந்துவிட்டார்கள், இருவரும் இப்படி ஒரு எழுச்சியைக் கேட்டவர்களும் இல்லை. ரொட்டிக் கடையில் நின்ற பெண்கள் அவர்களைப் படித்துவிட்டு வரவில்லை. ஆனால் வெர்சாயில் உட்கார்ந்திருந்த மூன்றாம் எஸ்டேட் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள், அதிகாரிகள். அவர்கள் படித்தவர்கள். "எங்கள் ஊருக்கு வரியைக் குறையுங்கள்" என்று முடிந்திருக்க வேண்டிய கோரிக்கை, "மனிதர்கள் பிறப்பால் சமம்" என்று ஆகஸ்டில் பிரகடனமானது அந்தப் படிப்பால்தான். 1789 ஜனவரியில் மூன்றாம் எஸ்டேட் என்றால் என்ன என்று கேட்டு சியெஸ் எழுதிய சிறு நூல் அந்த மாதங்களில் கைக்குக் கை போனது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களும் நூறாண்டுக்கு முன் பத்துக்கு மூன்று பேர் என்றிருந்தது, இப்போது ஏறக்குறைய பாதிப் பேர் ஆகியிருந்தார்கள். எனவே சிந்தனையாளர்களைக் காரணமாகச் சொல்வதைவிட, நடந்ததற்கு வடிவம் கொடுத்தவர்கள் என்று சொல்வதே என் பழக்கம்.

ராணியின் கேக் கதையைச் சொல்லாதீர்கள். சொன்னால் பொய் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பெரிய இளவரசி அப்படிச் சொன்னதாக ரூசோ தன் சுயசரிதையில் பெயர் இல்லாமல் எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதிய காலத்தில், பின்னாளில் ராணியான மேரி அன்டாய்னெட் ஆஸ்திரியாவில் சிறுமி. ஆனால் அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பினார்கள் என்பது உண்மை. 1785-இல் வெடித்த வைர அட்டிகை மோசடியில் அவருக்குத் தொடர்பே இல்லை, பெயர் கெட்டது அவருக்குத்தான். "பற்றாக்குறைச் சீமாட்டி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேக்குக்குப் பதிலாக வகுப்பில் அக்டோபரைச் சொல்லுங்கள். 1789 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் சந்தைப் பெண்கள் மழையில் வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் ராஜா, ராணி, பிள்ளை மூவரையும் பாரிஸுக்குக் கூட்டிவரும்போது "ரொட்டிக்காரன், ரொட்டிக்காரி, ரொட்டிக்காரப் பையன்" என்று பாடிக்கொண்டு வந்தார்கள். ராஜாவின் முதல் கடமை ரொட்டி கிடைக்கச் செய்வது என்று அந்த ஜனங்கள் எவ்வளவு அழுத்தமாக நம்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தேர்வுக்குத் தலைப்புகள் வேண்டும், அதை மறுக்கவில்லை. பாடநூலில் உள்ள தலைப்புகளிலேயே எழுதட்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் அது எப்போது தொடங்கியது என்று ஓர் ஆண்டை மட்டும் எழுதப் பழக்குங்கள். பிரபுவின் வசூலுக்குப் பல நூற்றாண்டு, போர்க் கடனுக்கு 1778, பிரமுகர்களின் மறுப்புக்கு 1787, திவாலுக்கும் ஆலங்கட்டிக்கும் 1788, குறைகளைக் கேட்டதற்கு 1789. எது பழையது, எது புதியது என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

இதை நடத்தி முடித்ததும் உங்கள் மாணவி அடுத்த கேள்வியோடு எழுந்திருப்பாள்: 1789-இல் குறைகளை எழுதிய கிராமங்கள் ராஜாவை அப்பா மாதிரி நம்பினவே, 1793 ஜனவரியில் அவர் தலையை ஏன் வெட்டினார்கள்? அதற்குத் தயாராகப் போங்கள். 1791 ஜூனில் ராஜா குடும்பத்தோடு தப்பி ஓடி, வாரென் (Varennes) என்ற ஊரில் பிடிபட்டதிலிருந்தும், 1792 ஏப்ரலில் தொடங்கிய போரிலிருந்தும் ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்